தூளியின் முடிச்சு: மகப்பேற்றுக்குப் பின் இடுப்புத்தளத்தைப் படமாய்க் காணல்



மொழிக்கென அமைந்த மன்றத்தின் மேடையில் மகப்பேற்றுக் காயம் பற்றிப் பேசுவதற்கு மருத்துவர் ஒருவரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நோய் உடம்பில் இருக்கிறது. ஆனால் அது மருத்துவரிடம் வந்து சேர்வது சொல்லின் வழியாகத்தான். சொல் இல்லாத நோய் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அப்படி நின்றுபோன ஒன்று.

கெடாவின் தோட்டப்புறங்களிலும், சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் முதலிய ஊர்களிலும் வாழும் நம் மூத்த பெண்களை மருத்துவமனை வரிசைகளில் பார்த்திருப்பீர்கள். அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் உள்ளே வந்து அமர்ந்ததும் முதலில் முதுகுவலி என்பார். பிறகு கால்வலி என்பார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போதுதான், கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "கீழே என்னமோ இறங்கி வர்ற மாதிரி இருக்கு" என்பார். உடன் வந்திருப்பது பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளை. பாட்டியின் தமிழை மலாயில் மாற்றிச் சொல்ல வேண்டிய பொறுப்பு அந்தப் பிள்ளையின் தலையில் விழுகிறது. 'கீழே' என்பது எந்தக் கீழே என்று அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூசும். 'வயிற்றுவலி' என்று சொல்லி முடித்துவிடும். பதிவேட்டிலும் வயிற்றுவலி என்றே ஏறும். ஆசிரியர்களும் மாணவர்களும் நிறைந்த அவையில் இதைப் பேச நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அந்தப் பிள்ளைதான்.

கீழே இருப்பது என்ன என்பதை முதலில் காண்போம். நம் இடுப்பெலும்பு ஒரு வளையம். அடியில்லாத பானை போன்றது. அந்த அடியை மூடித் தாங்கி நிற்பவை தசைகள். இவற்றையே இடுப்புத்தளம் என்கிறோம். இத்தளத்தின் நடுநாயகமான தசை, வளையத்தின் முன்னெலும்பில் இடப்பக்கம் ஒரு முனையும் வலப்பக்கம் ஒரு முனையுமாகப் பற்றிக்கொண்டு, பின்னோக்கிச் சென்று, மலக்குடலைச் சுற்றி வளைந்து திரும்புகிறது. லயத்து வீடுகளில் உத்தரத்திலிருந்து தொங்கிய தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். சேலையின் இரு முனைகளும் மேலே கட்டப்பட்டிருக்கும். நடுப்பகுதி வளைந்து குழந்தையைத் தாங்கும். நம் உடம்பில் இந்தத் தூளி தாங்குவது சிறுநீர்ப்பையை, கருப்பையை, மலக்குடலை. தூளிக்குள் ஒரு திறப்பு உண்டு. அதன் வழியாகத்தான் சிறுநீர்த் தாரையும் பிறப்புவழியும் மலக்குடலும் வெளியே செல்கின்றன. குழந்தையும் அவ்வழியேதான் பிறக்கிறது.

குழந்தையின் தலை அத்திறப்பைக் கடக்கும்போது தசை எவ்வளவு விரிய வேண்டும்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் இதைக் கணினி மாதிரி கொண்டு கணக்கிட்டார்கள். தசையின் உட்புற இழைகள் தம் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக, 3.26 மடங்கு, நீள வேண்டும் என்று விடை வந்தது. கை, கால் தசைகள் இதில் பாதியளவு நீண்டாலே கிழிந்துவிடும். ஆகவே, சில பெண்களுக்கு இத்தசை அறுவது எனக்கு வியப்பாக இல்லை. பெரும்பாலோர்க்கு அறாமல் மீள்வதுதான் வியப்பு. கருவுற்ற காலத்தில் பெண்ணுடல் அதற்கென்று தன்னை எவ்வளவு ஆயத்தப்படுத்திக்கொள்கிறது என்பது தனியே ஒரு சொற்பொழிவுக்குரிய செய்தி.

அறுவது என்றேன். பல பெண்களிடம் நிகழ்வது சேலை நடுவில் கிழிவதன்று, முடிச்சு உத்தரத்திலிருந்து கழன்றுவிடுவது. தசை, தான் பற்றியிருந்த எலும்பிலிருந்து ஒரு பக்கமோ இரு பக்கமுமோ பிரிந்துவிடுகிறது. இதற்கு மேலே பிறப்புவழியின் மெல்லிய தோல் சேதமின்றி மூடியிருக்கலாம். அப்போது இரத்தப்போக்கும் வெளியே தெரிவதில்லை. பேறு பார்ப்பவர் வெளிக்கிழிசலைத் தைத்து, இரத்தம் நின்றதா என்று பார்த்து, தாயும் சேயும் நலம் என்று எழுதிவிடுவார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் அது இல்லை.

ஆயினும் விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது. 1943ஆம் ஆண்டிலேயே ஹோவர்ட் கெய்னி என்னும் அமெரிக்க மருத்துவர், பிள்ளை பெற்ற பெண்களை விரலால் சோதித்து, இத்தசை எலும்பிலிருந்து பிரிந்திருப்பதைக் கண்டு எழுதினார். அக்கட்டுரை அறுபது ஆண்டுகள் ஏறக்குறைய யாரும் தொடாமல் நூலகத்தில் கிடந்தது. விரல் கண்டதைப் பிறருக்குக் காட்ட முடியாதே! நான் உணர்ந்தேன் என்று ஒருவர் சொன்னால், நான் உணரவில்லை என்று மற்றொருவர் சொல்லிவிடலாம். படம் வந்தபோதுதான் வழக்கு தீர்ந்தது.

அந்தப் படத்தின் கதை கப்பல் கட்டும் நகரம் ஒன்றில் தொடங்குகிறது. கிளாஸ்கோவின் மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்ட், இரும்புத் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைக் கண்டறியத் தொழிற்சாலைகள் பயன்படுத்திய மீயொலிக் கருவியை மனித உடம்பின் மேல் வைத்துப் பார்த்தார். பொறியாளர் டாம் பிரவுன் துணையுடன் அவர் உருவாக்கிய முறை 1958ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கருவிலிருக்கும் குழந்தையைப் பார்க்க உலகமே அதைப் பயன்படுத்தியது. குழந்தை வெளியே வந்தபின், அது வந்த வழி என்னவாயிற்று என்று அதே கருவியால் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் பரவ மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுக் கசப்பு உண்டு. கருவி இருந்தது, கேள்வி இல்லை.

1993ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அப்துல் சுல்தானும் அவர் குழுவினரும், மலவாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசையை மீயொலியால் படம்பிடித்தனர். முதற்பிள்ளையை இயல்வழியில் பெற்ற 79 பெண்களில் 28 பேருக்கு, அதாவது 35 விழுக்காட்டினர்க்கு, ஆறு வாரங்களுக்குப் பின் அத்தசையில் பழுது தெரிந்தது. வெளிப்பார்வையில் கண்டறியப்பட்டவர்களோ மிகச் சிலர். இவை கண்ணுக்குப் புலப்படாத மறைகாயங்கள் என்றே மருத்துவ உலகம் முதலில் எண்ணியது. 2006ஆம் ஆண்டில் அதே சுல்தான் பங்கேற்ற மற்றோர் ஆய்வு வந்தது. பேறு முடிந்த உடனே, தையலுக்கு முன்பு, நன்கு பயிற்சி பெற்ற ஒருவர் அதே பெண்களை மறுமுறை சோதித்தார். 11 விழுக்காடு என்று பதிவாகியிருந்த சுருக்குத்தசைக் காயம், ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. ஆகவே பெரும்பாலான காயங்கள் மறைந்திருந்தவை அல்ல, பார்க்கக் கற்பிக்கப்படாதவை. படம் மருத்துவரின் கண்ணுக்கு மாற்றாக வரவில்லை. கண்ணுக்குப் பாடம் சொல்ல வந்தது. ஆசிரியர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

தூளித்தசையின் கதைக்கு வருவோம். 2003ஆம் ஆண்டில் மிச்சிகனைச் சேர்ந்த ஜான் டிலான்சி குழுவினர், எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படத்தின் வழி, பிள்ளை பெறாத 80 பெண்களையும் ஒரே பிள்ளையை இயல்வழியில் பெற்ற 160 பெண்களையும் ஒப்பிட்டனர். முதல் குழுவில் ஒருவருக்கும் தசையில் குறை இல்லை. இரண்டாம் குழுவில் 20 விழுக்காட்டினர்க்கு இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலியாவில் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ், அதே பெண்களைப் பேற்றுக்கு முன்னும் பின்னும் முப்பரிமாண மீயொலியால் பார்த்தார். இயல்வழியில் பெற்ற 39 பேரில் 14 பேருக்குத் தசை எலும்பை விட்டுப் பிரிந்திருந்தது. சிறிய ஆய்வுதான், விழுக்காடு ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆனால் முன்பு இருந்தது, பின்பு இல்லை என்று ஒரே பெண்ணின் இரு படங்கள் காட்டியபின், இது பேற்றால் வந்த காயம் என்பதில் ஐயம் எஞ்சவில்லை. ஆயுதம் போட்டு எடுக்கும் பேற்றில் இக்காயம் பன்மடங்கு கூடுகிறது என்பதைப் பின்னர் வந்த பல ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன.

இச்சோதனை எப்படி நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பயந்துகொண்டு வராமல் இருப்பவர்கள் பலர். இங்குள்ள மாணவியர் வீட்டில் எடுத்துச் சொல்ல இது உதவும். மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். இச்சோதனையில் பயன்படும் ஒலி நொடிக்கு 40 இலட்சம் முதல் 80 இலட்சம் அதிர்வுகள் கொண்டது. கதிர்வீச்சு இல்லை; ஊசி இல்லை. சிறுநீர் கழித்துவிட்டு வந்து மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும். வயிற்றில் வைத்துக் குழந்தையைப் பார்க்கும் அதே வளைமுனைக் கருவியை, மெல்லிய உறையிட்டு, பிறப்புறுப்பின் மேற்புறத்தில் வைப்பார்கள். உள்ளே செலுத்துவதில்லை. பிறகு மூன்று வேலைகள்: அமைதியாக இருப்பது, சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்குவது, முக்குவது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முக்கும்போது திரையில் நடப்பதுதான் முக்கியம். பக்கவாட்டுத் தோற்றத்தில் முன்னெலும்பு ஒரு நிலையான குறியாக நிற்கும். சிறுநீர்ப்பையும் கருப்பையும் அதற்கு மேலே நிற்கின்றனவா, தாண்டிக் கீழே இறங்குகின்றனவா என்று அளக்கலாம். சிறுநீர்ப்பை எலும்பின் விளிம்பைத் தாண்டி 1 செ.மீ. அளவு இறங்கினால் அது கவனிக்கத்தக்க இறக்கம். பிறகு குறுக்குவெட்டுத் தோற்றம். அதில் தூளி, 'ப' போல, திறந்த முனைகள் எலும்பைத் தொட்டபடி தெரியும். முடிச்சு கழன்ற பக்கத்தில் தசைக்கும் எலும்புக்கும் இடையே கருநிறத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். சிறுநீர்த் தாரையின் நடுவிலிருந்து தசை தொடங்கும் இடம் வரையுள்ள தொலைவு 2.5 செ.மீ.-க்கு மேற்பட்டால் பிரிந்துள்ளது என்று கொள்வது வழக்கம். கிழக்காசியப் பெண்களுக்கு இவ்வெல்லை சற்றுக் குறைவு என்று பின்னர்க் கண்டனர். ஓரினத்தார் உடம்பில் எடுத்த அளவுகோலை மற்றோரினத்தார்மேல் அப்படியே வைக்கலாகாது. நம் பெண்களை அளக்கும்போதும் இது நினைவில் இருக்க வேண்டும். தூளியின் திறப்பு முக்கும்போது 25 சதுர செ.மீ.-ஐத் தொட்டாலோ கடந்தாலோ அது மிகையான விரிவு எனப்படும்.

முப்பரிமாணக் கருவி எல்லாச் சிற்றூர்களிலும் இராது. ஆனால் சாதாரண இருபரிமாணக் கருவியின் முனையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தே பிரிவைக் கண்டறியலாம் என்பது 2009ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டுவிட்டது. அத்தகைய கருவி கருவுற்ற பெண்களைப் பார்க்கும் இடங்களிலெல்லாம் இன்று இருக்கிறது. ஆகவே குறை, பொருளில் அன்று. பயிற்சி பெற்ற கையிலும் கேட்கும் வாயிலும்தான்.

இனி, படம் சொல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். பிரிவு உள்ளவர் அனைவருக்கும் துன்பம் வருவதில்லை. பலர் ஒன்றும் உணராமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். பிரிவு உள்ளவர்க்குப் பிற்காலத்தில் உறுப்புகள் இறங்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று டீட்ஸின் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. இருமும்போது சிறுநீர் கசிவதற்கும் இப்பிரிவுக்கும் அவ்வளவு உறுதியான தொடர்பு நிலைநாட்டப்படவில்லை. பேறு முடிந்த மறுநாளே எடுத்த படத்தை நம்பவும் முடியாது. வீக்கமும் இரத்தக்கட்டும் அடங்கச் சில மாதங்கள் வேண்டும். எல்லாவற்றிலும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. கழன்ற முடிச்சை மறுபடி கட்டும் நம்பகமான அறுவை இன்னும் கைவரவில்லை.

பிறகு பார்த்து என்ன பயன் என்று கேட்பீர்கள். சுருக்குத்தசைக் காயம் அன்றே கண்டால் அன்றே தைக்கலாம். அடுத்த பேறு எவ்வழியில் என்று தாயுடன் அமர்ந்து முடிவு செய்யலாம். தூளித்தசை ஒரு பக்கம் கழன்றிருந்தாலும், எஞ்சியதைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம். 1948ஆம் ஆண்டில் ஆர்னால்ட் கெகெல் வகுத்த இறுக்கப் பயிற்சி இன்றும் முதல் மருந்து. தம் தசை திரையில் அசைவதைக் கண்ணால் பார்க்கும் பெண் அப்பயிற்சியைச் சரியாகக் கற்கிறார். பலர் இறுக்குவதாக எண்ணிக்கொண்டு முக்குகிறார்கள். இறங்கிய கருப்பையைத் தாங்க வளையம் பொருத்தலாம். அறுவை செய்ய நேர்ந்தால், தாங்கும் தசை இல்லாத இடத்தில் வெறும் தையல் நெடுநாள் நில்லாது என்று அறுவை மருத்துவர் முன்னரே அறிந்திருப்பார். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. 'உனக்கு மட்டும் என்ன, ஊரில் யாரும் பிள்ளை பெறவில்லையா' என்று கேட்டவர்களுக்கு அந்தப் படம் பதில் சொல்கிறது.

நம் மாநிலத்தில் இக்கேள்வி ஏன் இத்தனை காலம் எழவில்லை? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. 1950ஆம் ஆண்டில் மலாயாவில் 100,000 பிறப்புகளுக்கு 500-க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். நூற்றாண்டு முடிவதற்குள் அது 50-க்கும் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தின் வரலாற்றை, இலங்கையின் வரலாற்றோடு சேர்த்து, டாக்டர் இந்திரா பத்மநாதன் தலைமையில் 2003ஆம் ஆண்டில் உலக வங்கி நூலாக வெளியிட்டது. சிற்றூர் மருத்துவ நிலையம், பயிற்சி பெற்ற மருத்துவச்சி, வீடுதேடி வரும் தாதி என்னும் அமைப்பே அதன் அடிப்படை. எழுபதுகளில் கெடாவின் தாய்சேய் நல அதிகாரியாக இருந்த டாக்டர் சித்தி ஹஸ்மாவின் தலைமுறை அதற்காக உழைத்தது. உயிர் பிழைப்பதே வெற்றியாக இருந்த காலத்தில், பிழைத்தவளின் இடுப்புத்தளத்தைப் பற்றிக் கேட்க யாருக்கு நேரம்? அவர்களைக் குறை கூறேன். அவர்கள் காத்த உயிர்கள்தாம் இன்று எழுபது வயதில் நம்முன் வந்து அமர்கின்றன.

அந்தத் தலைமுறைத் தோட்டப் பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். நிரை நிரையாக மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிச் சுமந்து செல்ல வேண்டும். நிறைந்த வாளியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றின் அழுத்தம் முழுவதும் அந்தத் தூளியின் மேல் இறங்கும். சம்பளத்துடன் கூடிய பேற்று விடுப்பு நெடுங்காலம் 60 நாள். 2023 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் 98 நாள். அன்றாடக் கூலிக்கு அந்த 60 நாளும் முழுமையாகக் கழிந்ததா என்பதை உங்கள் பாட்டிமாரிடம் கேளுங்கள். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துப் பெண்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அங்கே பணி நேரம் முழுதும் நிற்க வேண்டும். நாளெல்லாம் நிற்கும் உடம்பில் இறக்கம் மாலையில்தான் மிகுதியாகத் தெரியும். காலையில் மருத்துவரிடம் போனால் ஒன்றும் இல்லாதது போலிருக்கும். இதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இறுதியாகச் சொற்கள். மலாய்ப் பெண்களிடம் 'பெரானாக்கான் ஜாத்து' என்னும் வழக்கு உண்டு, வெட்கமின்றிச் சொல்கிறார்கள். நம்மிடம் 'கருப்பை இறங்கிவிட்டது' என்பது உண்டு. ஆனால் அது முற்றிய நிலைக்குரியது. முதல் நிலைக்கு, காயத்துக்கு, தசைக்குச் சொல் இல்லை. 'இடுப்புத்தளம்' என்பதைக் கலைச்சொல்லாகவே ஏற்றுக்கொள்ளலாம், பொருள் தெளிவு. எலும்பைப் பற்றி வளைந்த அத்தசைக்குத் 'தூளித்தசை' என்று நான் பெயர் சொல்லி வருகிறேன். எந்தத் தோட்டத்துப் பாட்டிக்கும் உரை தேவைப்படுவதில்லை. எலும்பிலிருந்து பிரிவதற்குப் 'பற்றறுதல்' என்று எழுதிப் பார்த்தேன். சைவ சித்தாந்தம் பயிற்றும் நண்பர் ஒருவர், வீடுபேற்றுக்கு வழி இவ்வளவு எளிதா என்று கேட்டுவிட்டார். ஆகவே 'தசை கழன்றது' என்றே சொல்லுவோம். இதைவிட நல்ல சொல் உங்களுள் ஒருவரிடம் இருக்கக்கூடும்.

பேற்றுக்குப் பின் முதல் மாதத்தில் நடக்கும் மருத்துவச் சோதனையில் தாய் சொல்ல வேண்டியவை இவை: அடியில் கனம் அல்லது இறங்கும் உணர்வு உண்டா, சிறுநீரோ காற்றோ மலமோ அடக்க முடியாமல் போகிறதா, ஆயுதமோ வேக்கமோ பயன்பட்டதா, தையல் எவ்வளவு ஆழம். பாட்டிக்குத் துணை செல்லும் மாணவர்கள் ஒரே ஒரு மலாய்த் தொடரை மனனம் செய்துகொள்ளுங்கள். 'ராச மாச்சாம் அட பெண்டா தூரூன் டி பாவா' என்று சொன்னால் போதும். கீழே ஏதோ இறங்குவதுபோல் இருக்கிறது என்று பொருள். அதன்பின் நீங்கள் வெளியே வந்து நின்றுகொள்ளலாம். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.